லாரிக்கு முன்னால் முப்பது அடி

1

இந்தக் கதை என் உள்ளங்கையில் பிறந்தது. ஹாரனை அழுத்திய கை. எழுதுவதும் அதே கைதான் என்பதால் [இங்கே ஏதோ அழகாகச் சொல்ல வந்தேன். வேண்டாம்.]

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘பாலத்தின் மேல் காற்று ஒரு...’

காற்று எதைப் போல இருந்தால் உங்களுக்கென்ன? பலமாக அடித்தது. அது போதும்.

2

காலை ஒன்பதே கால். ஆற்றுப்பாலம் குறுகல், போக ஒரு தடம், வர ஒரு தடம், நடைபாதை கிடையாது. பாலம் ஏறும் வளைவில்தான் பார்த்தேன்: எல்லோருக்கும் முன்னால் சைக்கிளில் ஒரு தபால்காரம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்கூடை நிறையக் கடிதங்கள். எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார். முப்பதடி பின்னால் ஒரு ஜல்லி லாரி. அதற்குப் பின்னால் என் கார். எனக்குப் பின்னால் வண்டிகளின் பெரிய வால்.

லாரி ஊர்ந்தது. எதிர்த்தடம் காலியாகக் கிடந்தபோதும் முந்தவில்லை. அவ்வளவு அகலமான வண்டி முந்தினால் சைக்கிளுக்கு மிஞ்சுவது கைப்பிடிச் சுவர் மட்டும்தான். இதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது புரிந்தது ஒன்றுதான்: ஒன்பதரைக்கு எனக்கு அலுவலகத்தில் கூட்டம்.

அழுத்தினேன். சும்மா ஒரு தட்டுத் தட்டிவிட்டு எடுக்கவில்லை. நான்கு விநாடி இருக்கும்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: முதல் பிரதியில் ‘பலரும் ஹாரன் அடித்தார்கள்’ என்று எழுதியிருந்தேன். பொய்யில்லை, அதற்கு முன் பலரும் அடித்தார்கள்தான். ஆனால் பன்மைக்குள் ஒளிந்துகொள்வது எத்தனை வசதி!]

3

இந்தப் பகுதி லாரி டிரைவர் பிறகு சொன்னது. தபால்காரம்மா திடுக்கிட்டுத் திரும்பினார், முன்சக்கரம் மடங்கியது, நடுச்சாலையில் குப்புற விழுந்தார். லாரி கிறீச்சிட்டு நின்றது. அவர் தலைக்கும் பம்பருக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கலாம்.

லாரி இருந்த இடத்தில் நான் இருந்திருந்தால் ஐந்தடிதான் விட்டிருப்பேன். அப்படியானால்

(இந்த வாக்கியத்தை நான்கு நாளாக முடிக்கப் பார்க்கிறேன். விடுகிறேன்.)

4

டிரைவர் கீழே குதித்தார். ஒல்லியான மனிதர்; அந்த லாரிக்குள் இவரா என்று தோன்றும்.

“அக்கா, உடனே எந்திரிக்காதீங்க. மொதல்ல கை காலை அசைச்சுப் பாருங்க.”

“எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. தபால்! தபாலைப் பிடிங்க!”

கூடையிலிருந்த கடிதங்கள் பாலம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தன. டிரைவர் எங்களைப் பார்த்துக் கத்தினார்:

“என்னங்க உக்காந்து வேடிக்கை பாக்குறீங்க? இறங்கி வாங்க!”

இறங்கினார்கள். டை கட்டிய ஒருவர் மண்டியிட்டு ஒரு கடிதத்தை முழங்காலால் அமுக்கிப் பிடித்தார். வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஒருத்தி, “குனிய முடியல, நீங்க பொறுக்குங்க, நான் வச்சுக்கிறேன்” என்று இரு கைகளையும் ஏந்தி நின்றாள். சற்று முன் ஒருவரையொருவர் கடித்துத் துப்பத் தயாராக இருந்த கூட்டம் இதுதான். முதலில் இறங்கியது நான் என்று எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. உண்மையில் நான் கடைசி.

5

டிரைவரை என்னால் நம்ப முடியவில்லை. இவ்வளவு பொறுமைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்க வேண்டாமா? பழைய விபத்து, சைக்கிளில் போய்த் திரும்பாத தம்பி என்று ஒரு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்தேன். ஏனென்றால், கடிதம் பொறுக்கும்போது அவரிடமே கேட்டிருந்தேன்.

“எப்படிங்க இவ்ளோ பொறுமையா வந்தீங்க?”

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

“அவங்க முன்னாடி போறாங்க, நான் பின்னாடி வர்றேன். இதுல என்ன சார் இருக்கு?”

எந்தக் காயமும் தேவைப்படாமல் ஒரு மனிதர் நல்லவராக இருக்கிறார். இந்தக் கதையில் நான் கற்பனை செய்யத் திணறிய ஒரே விஷயம் அதுதான்.

6

இரண்டு கடிதங்கள் ஆற்றோடு போயின. மற்றவையெல்லாம் கிடைத்தன. தபால்காரம்மா முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை நிமிர்த்தினார். நான் பொறுக்கியதை நீட்டியபோது கேட்டார்:

“கடைசியா அந்த ஹாரனை அடிச்சது யாருங்க? சண்டைக்கில்ல. அந்த ரெண்டு வீட்டுக்கும் நான் பதில் சொல்லணும். கூட வந்து சொல்ல ஒரு ஆள் வேணும்.”

டிரைவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியில் எல்லாம் பார்த்திருக்கிறார். ஆனால் பதிலை எனக்கே விட்டுவிட்டார்.

ஒரு முடிவில் ‘நான்தாம்மா’ என்றேன். அவருக்குப் பின்னாலேயே காரில் போய் இரண்டு கதவுகளைத் தட்டினேன். இன்னொரு முடிவில் ‘தெரியலையேம்மா’ என்றேன். அலுவலகக் கூட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தேன். இரண்டும் என் மேசைமேல் இருக்கின்றன. எது நடந்தது என்று நான் சொல்வதாக இல்லை. சொன்னால் என்னைப் பற்றித் தீர்ப்பெழுதிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

வாருங்கள், என் இடத்தில் நில்லுங்கள். கடிதங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.