கம்பளிக்குள் வெந்த சோறு

இப்போதெல்லாம் யாருக்கும் கால் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. கிணற்றடிக்கு பஸ் விட்டாலும் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். நாகலூரிலிருந்து ஏற்காட்டுக்கு மிளகு மூட்டையோடு நடந்தவன் நான். என் மகன் முருகேசன் அதே ஏற்காட்டில், ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறான். போகவும் பஸ், வரவும் பஸ். டிக்கெட் விலை ஏறியதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அங்கயே பசங்களோட ரூம்புல தங்கிக்கறேன். ஞாயித்துக்கெழம மட்டும் வாறேன்."

அவன் பெண்டாட்டி ராசாத்தி தலை நிமிரவில்லை. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. விடிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சீமெண்ணெய்க்குப் போறது மிஞ்சுனா பஸ்ஸுக்கு ஆகுமில்லீங்க? ஒரு வாரம் பொறுங்க. அப்பறமா ரூம்பு பாருங்க."

ஐப்பசி மழை. விறகெல்லாம் ஈரம். ரேஷன் எண்ணெய் தீர்ந்து, ரஹமத்துல்லா கடையில் கூடுதல் விலைக்கு வாங்கி எரித்துக்கொண்டிருந்தோம்.

அன்று எஸ்டேட்டில் வேலை விட்டு வரும்போது காய்ந்த காப்பிப் பழத் தொலியைச் சாக்கு நிறையக் கொண்டுவந்து பெரிய கூடையில் கொட்டினாள். ஸ்டவ்வில் அரிசி நன்றாக ஒரு கொதி வந்ததும் அணைத்துவிட்டாள். பானையை இறுக மூடி, தொலிக்குள் புதைத்து, மேலே கம்பளியைப் போர்த்தினாள். என்னுடைய கம்பளியை!

"என்ன கண்ணு, சோத்துக்குக் குளுருதா?"

"வேகுதுங்க மாமா. பழம் பறிக்கப் போறப்ப, ஆறாம இருக்கட்டும்னு சோத்துச் சட்டியத் தொலிக்குள்ள வெப்போம். ஒருநா அவசரத்துல அரைவேக்காடாக் கொண்டுபோனேன். மத்தியானம் பாத்தா பூவாட்டம் வெந்திருந்துச்சு. தொறந்துறாதீங்க, சூடு போயிரும்."

நெருப்பில்லாமல் சோறு வேகும் என்றால் எவன் நம்புவான்? அவள் மாட்டுக்குப் புல்லறுக்கப் போனதும் திறந்து பார்த்தேன். அரிசியாகத்தான் கிடந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் அரிசிதான்.

முருகேசன் வந்து ஒரு வாய் வைத்தான். நறுக்கென்றது. "ரூம்பே பாத்துக்கறேன்" என்று எழுந்துவிட்டான். ராசாத்தி போர்த்திய கம்பளி மடிப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

மறுநாள் கூடையை மூடியபின் சொன்னாள். "நீங்களே காவலுங்க மாமா. நாயிகீயி வராமப் பாத்துக்கங்க."

"நானென்ன அடைக்கோழியா?"

"அடைக்கோழி நடுவுல முட்டைய ஒடச்சுப் பாக்காதுங்க."

வாயாடி. ஆனால் கெட்டிக்காரி, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கை துறுதுறுத்தது. தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்து, முருகேசன் கால் கழுவி உட்கார்ந்தபின் அவள் பானையைத் திறந்தாள். குப்பென்று ஆவி. சோறு உதிரி உதிரியாக நின்றது. அவன் வழித்துத் தின்றான். மறுசோறு கேட்டான். அவள் கரண்டி நிறைய அள்ளி வைத்தாள்.

பிறகு பருப்பும் கூடைக்குள் போனது. அந்த வாரம் எண்ணெய்க்கடைப் பக்கமே அவள் போகவில்லை. ஞாயிறு கழிந்தது. ரூம்புப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

திங்களன்று நான் கொடுவாளை எடுத்துக்கொண்டு விறகுக்குக் கிளம்பினேன்.

"கூடைதான் இருக்குதுங்களே மாமா?"

"ஒரு வாரம் வெந்தா ஆச்சா? மார்கழிக் குளுரு வரட்டும், பாக்கலாம்."

மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கூரைமேல் மட்டும் புகையில்லை. தூறல் பிடித்துக்கொண்டது. போர்த்திக்கொள்ளத் தோளைத் தடவினேன். கம்பளி கூடைமேல் கிடந்தது. திரும்பிப் போய் எடுக்கவில்லை. நனைந்துகொண்டே நடந்தேன்.