மச்சான் என்று கத்தியவன்

துருவி என்ற பெயரை அவருக்கு வைத்தது அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரிப்பவர். கேட்டதையே நாலு தரம் கேட்பார். அப்பேர்ப்பட்டவரையே இந்த பைக் கேஸ் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்துவிட்டது.

ஒரு பைக்கில் இரண்டு பேர். ஒரு அண்ணனும் அவன் தங்கை புருஷனும். இருவருக்கும் கால் முறிவு, இருவருக்கும் ஆபரேஷன் செய்தாக வேண்டும். ஓட்டியவனுக்கு அந்தப் பாலிசியில் ஒன்றும் கிடையாது. பின்னால் உட்கார்ந்தவனுக்குத்தான் செலவு கிடைக்கும். மற்றவர்களாக இருந்தால் "நான் ஓட்டவே இல்லை" என்று சத்தியம் பண்ணுவார்கள். இந்த இரண்டு பேரோ "நான்தான் ஓட்டினேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள், அதுவும் உடைந்த காலோடு!

விபத்து நடந்த வளைவில் ஒரு டீக்கடை. துருவி டயர் தேய்ந்த தடத்தைப் படம் பிடித்துவிட்டுக் கடைக்காரரைப் பிடித்தார்.

"யார் ஓட்டினதுன்னு பாத்தீங்களா?"

"எங்க சார் பாக்குறது, பால் பொங்கிக்கிட்டு இருந்துச்சு. 'மச்சான், பிரேக்கப் புடி'ன்னு ஒருத்தன் கத்தினது மட்டும் காதுல விழுந்துச்சு."

துருவிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தங்கை புருஷனை யாராவது மச்சான் என்பார்களா? மாப்பிள்ளை என்றுதானே கூப்பிடுவார்கள்! அப்படியானால் பின்னாலிருந்து கத்தியது புருஷன், ஓட்டியது அண்ணன். அங்கேயே நின்று மேனேஜருக்கு போன் போட்டுச் சொல்லியும்விட்டார்.

ஆஸ்பத்திரி வார்டில் நுழைந்ததும் அந்தச் சந்தோஷம் புஸ்ஸென்று போயிற்று.

"மச்சான், தண்ணி வேணுமாடா?" என்றான் அண்ணன், இந்தக் கட்டிலிலிருந்து.

"நீ குடிடா மச்சான்," என்றான் புருஷன், அந்தக் கட்டிலிலிருந்து.

இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள்தான் ஒருவனுக்குத் தங்கை, மற்றவனுக்கு மனைவி. "பள்ளிக்கூடத்துலேருந்து ஒண்ணாச் சுத்தினவங்க சார். எனக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியே மச்சான்தான்," என்றாள்.

துருவி தலையில் கைவைத்துக்கொண்டார். மேனேஜரிடம் உளறிக் கொட்டியாயிற்றே! பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். எதை எழுதுவதென்றே புரியவில்லை.

"ஏம்மா, நீயாவது சொல்லு. யார் ஓட்டினது?"

"வீட்டுல இருந்து கிளம்புறப்போ நான் பாக்கல சார். பாத்திருந்தாலும் என்னத்தச் சொல்றது? ரெண்டு பேர்ல யார் கால் வேணும்னு கேக்குற மாதிரில்ல இருக்கு."

அதற்கு மேல் அவளிடம் துருவ அவருக்கே மனசு வரவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினார். "மோதுறப்போ எதிர்ல என்ன தெரிஞ்சுது?"

"நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு சார். நான்தான் ஹேண்டில ஒடிச்சேன்."

"நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எதிர்ல என்ன தெரிஞ்சுது?"

"எனக்கு எங்க சார் நாய் தெரிஞ்சுது," என்றான் புருஷன் வெடுக்கென்று. "இவன் முதுகுதான் தெரிஞ்சுது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ, இல்ல சார், மருந்து மயக்கத்துல உளறிட்டேன்!"

துருவி தப்பாகப் போட்ட கணக்குக்கு விடை மட்டும் சரியாக வந்திருந்தது. அவருக்கு அதில் ஒரு நிம்மதியும் இல்லை.

"அப்பாடா! எழுதிக்குங்க சார்," என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். ஜெயித்தது தான்தான் என்ற சிரிப்பு. "மச்சான் காலுக்குக் காசு வரட்டும், என் கால நான் பாத்துக்குறேன். தங்கச்சி, அழாதே."

அவள் அழவில்லை. அவள் முகம் ஒரு நொடி மலர்ந்துபோயிருந்தது; அதை அண்ணன் பார்க்கவில்லை, துருவி பார்த்துவிட்டார். அவர் பார்த்தது அவளுக்கும் தெரிந்துவிட்டது. எழுந்து போய் அண்ணனின் கட்டுப் போட்ட காலருகே முகம் புதைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஏண்ணே சந்தோஷமா இருக்கு?" என்று அவனிடமே கேட்டாள்.