ஒரு பக்கத் தாள்

வேலை போய் நாலு மாசம். அந்த நாலு மாசத்தில் அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், காலை பத்து மணிக்கு மனைவியோடு யோகா வகுப்புக்குப் போய்ப் படுத்ததுதான். ஆசனம் ஒன்றும் அவனுக்கு மசியவில்லை. குனிந்தால் விரல் முழங்காலோடு நின்றுவிடும். கடைசியில் வருகிற சவாசனம் மட்டும் சுலபமாக வந்தது. வேலையில்லாதவனுக்கு அதை யாராவது சொல்லியா தரணும்? விடிஞ்சதிலிருந்து வீட்டில் அதைத்தானே செய்துகொண்டிருந்தான்!

அவனை இழுத்துக்கொண்டு வந்தவள் மனைவி. துணிக்கடையில் அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. சோபாவில் குழி விழுகிற மாதிரி படுத்துக் கிடக்கிறவனைப் பார்க்கச் சகிக்காமல், பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில் வகுப்பு நடக்கிறது, வாங்க என்று கிளப்பிவிட்டாள். மச்சான் வேறு ஃபோனில், "என்ன எழுத்தாளரே, இப்போ எல்லாம் தலைகீழாமே?" என்று வாரினான். எழுத்தாளர் என்றால் கதை கிதை இல்லை. மிக்சி, ஃபேன், ஹீட்டர் செய்கிற கம்பெனியில், எப்படிப் பயன்படுத்துவது என்று பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளை எட்டு வருஷம் எழுதினவன். யாரும் படிக்காத எழுத்து. ஆனாலும் அதில் அவனுக்கு ஒரு கர்வம் இருந்தது. ஒரு வார்த்தை கூட உபரியாக இருக்கக்கூடாது என்பான்.

வகுப்பு நடந்த ஹால் ஒரு தையல் கடைக்கு மேலே. குளிர் வந்ததும் மாஸ்டர் ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார், புதுசாக ஒரு கேஸ் ஹீட்டர் வாங்கி வைத்தார். அதோடு வந்த தாளைச் சுவரிலும் ஒட்டினார். அதைப் பார்த்ததும் அவனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அவன் எழுதினது! மனைவி சும்மா இருப்பாளா? மாஸ்டரிடம் போய், இது எங்க வீட்டுக்காரர் எழுதினதுங்க, இதுல இருக்கிறபடி அப்படியே பண்ணுங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். மாஸ்டரும் நல்ல மனுஷன், தினமும் விரல் வைத்துப் படித்துத்தான் ஹீட்டரைப் பற்றவைத்தார்.

அதன்பிறகுதான் எல்லாருக்கும் சவாசனம் ஆழமாக அமைந்தது. எழுந்திருக்கவே மனசில்லை என்றார்கள். தலை பாரமாக இருக்கிறது என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி படியில் இறங்கும்போது வாந்தி எடுத்தாள். உள்ளே இருக்கிற கழிவெல்லாம் வெளியே போகிறது, நல்லதுதான் என்றார் மாஸ்டர். மனைவிக்குக் கால் சில்லிடும், அதனால் ஹீட்டர் பக்கத்திலேயே பாய் விரிப்பாள். கடையில் நின்றுகொண்டே தூங்குகிறேன் என்று சிரித்தாள். இவன் படியில் ஆடி அசைந்து கடைசியாக வருகிற சோம்பேறி, கதவோரம்தான் இடம் கிடைக்கும். கதவுக்கு அடியில் சிலுசிலுவென்று காற்று வரும். அந்தக் காற்றைத் திட்டாத நாள் இல்லை.

அன்றைக்குக் குளிர் கொடுமை. மாஸ்டர் ஒரு மணி நேரம் முன்னாலேயே ஹீட்டரைப் பற்றவைத்திருந்தார். வகுப்பு முடிகிற நேரம், ஏழு பேரும் மல்லாந்து கிடந்தார்கள். கண்ணை மூடச் சொன்னால் இவன் மூடுவானா? படுத்தபடியே சுவரில் இருந்த தன் தாளை ரசித்துக்கொண்டிருந்தான். பதினோரு வரி. கச்சிதம். மேனேஜர் ஒரே பக்கத்தில் அடங்கணும் என்றபோது பன்னிரண்டாவதை இவன்தான் வெட்டினான். மேனேஜர் கூட எந்த வரி என்று சொல்லவில்லை, தேர்ந்தெடுத்தது இவன். ஹீட்டரையும் போட்டுவிட்டு ஜன்னலையும் திறப்பானா எவனாவது, படிக்கிறவன் சிரிப்பான் என்று நினைத்து வெட்டினான்.

'ஹீட்டர் எரியும்போது ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.'

மூடின அறையில் கேஸ் எரிந்தால் விஷக்காற்று சேரும் என்பதற்காக எழுதின வரி. அப்போதுதான் மாஸ்டரின் குரல் நின்று நெடுநேரம் ஆகிவிட்டதை உணர்ந்தான். அவர் சுவரில் சாய்ந்து, வாய் திறந்து கிடந்தார். ஒருத்தரும் அசையவில்லை. மனைவியைக் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கதவைத் திறந்துவிட்டு, இரும்பு நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் எறிந்தான். ஹீட்டரை அணைத்தான். அவளைப் பாயோடு சேர்த்து வாசலுக்கு இழுத்தான். அவள் தலை இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே வந்தது. கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டுத் தையல்காரர் ஓடிவந்தார். இரண்டு பேருமாக ஒவ்வொருத்தரையும் இழுத்துப் படியில் போட்டார்கள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் கண்ணைத் திறந்தாள். எல்லாருக்கும் மூச்சு இருந்தது. மாஸ்டர் ஒரு ஓரமாக உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அந்தத் தாள்ல இருந்தபடிதாங்க பண்ணேன். ஒண்ணு விடல."

அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. வெளிறிய உதட்டோடு மாஸ்டரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"அதுல தப்பு இருக்காதுங்க. இவரு எழுதினது."

பெத்த பிள்ளை மேல் சத்தியம் பண்ணுகிற மாதிரி சொன்னாள். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தத் தாள் எத்தனை பெட்டியில் போயிருக்கும், எத்தனை வீட்டில் இன்றைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள்?

"ஒரு வரி இல்ல," என்றான். "நான்தான் வெட்டினேன்."

அவன் பிடித்திருந்த கையை அவள் மெல்ல விடுவித்துக்கொண்டாள்.