ஷாஹினாஸ் தின்ற இரண்டு மீன்

தந்தா நகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஹெல்மிக்கு கெய்ரோவில் ஒரு நோயாளி இருந்தாள். நேரில் பார்த்ததில்லை. ஷாஹினாஸ் என்ற அந்தப் பெண் எழுதும் வலைப்பூவை மூன்று வருடமாகக் கடை திறந்ததும் முதல் வேலையாகப் படிப்பார். இரண்டு சிறுநீரகமும் பழுது, வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், எழுத்தில் மட்டும் குறும்பு குறையவில்லை. மனசு கேட்காமல் விலாசம் வாங்கி, மாதாமாதம் வைட்டமின் அனுப்பினார். சொந்த அக்காவுக்கு இருமல் மருந்து கொண்டுபோக அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

எகிப்தின் வசந்தத் திருநாளான ஷம் எல்-நெசீம் பண்டிகை. ஊரே பூங்காவில் பாய் விரித்து பஸீக் தின்றுகொண்டிருந்தது. நாள்கணக்கில் உப்பில் ஊறி, மூன்று தெரு தள்ளியே தன் வருகையைச் சொல்லிவிடும் மீன். ஷாஹினாஸ் எழுதியிருந்தாள்: "வெங்காயத்தாளோடு இரண்டு முழு பஸீக். சொர்க்கம்!"

ஹெல்மி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்த உடம்புக்கு அவ்வளவு உப்பு என்றால், சொர்க்கம் வெறும் உவமை அல்ல. "துப்பிவிடு மகளே!" என்று பின்னூட்டம் போட்டார். பதில் இல்லை. ரயிலேறினார்.

கெய்ரோவின் ஷுப்ரா பகுதி, பொட்டலம் அனுப்பும் அதே விலாசம், நாலாவது மாடி. பனியன் போட்ட பருத்த மனிதர் ஒருவர் கதவைத் திறந்தார். வாயில் வெங்காயத்தாள்.

"ஷாஹினாஸ் உயிரோட இருக்காளா?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "தந்தா டாக்டரா?" எகிப்தில் மருந்துக்கடைக்காரரும் டாக்டர்தான்.

"ஆமா, அவ எங்க?"

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். நான்தான் அவ. பேரு பயூமி."

மேசையில் வைட்டமின் புட்டிகள் காலியாக நின்றன. பயூமியின் கன்னம் தக்காளியாகப் பளபளத்தது.

"தொழுகையில உனக்காக அழுதிருக்கேன்யா!"

"எழுதறப்ப நானும்தான் அழுவேன் டாக்டர்."

"கிட்னி போனவ பஸீக் திம்பாளா? ஒரு மருந்துக்கடையில கேட்டுட்டு எழுத மாட்டே?"

"பண்டிகையாச்சே, நான் தின்னேன், கை தானா எழுதிடுச்சு. இப்ப பின்னூட்டத்துல நூத்துப்பத்து பேரு பதறிக் கிடக்காங்க. வேற வழி தெரியல." கணினியைத் திருப்பிக் காட்டினார். "முடிச்சுட்டேன். வெளியிட வேண்டியதுதான் பாக்கி."

திரையில் ஷாஹினாஸின் மரண அறிவிப்பு. அவளுடைய தம்பி எழுதியதாம்.

சட்டையைப் பிடிக்கலாமென்றால் பனியனில் காலர் இல்லை. ஹெல்மி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அழி."

"ரெண்டு மீன் டாக்டர்..."

"அழிய்யா! அவ வாயிலதான் வச்சா. என் பின்னூட்டத்தைப் பார்த்தா, துப்பிட்டா. ஆஸ்பத்திரியில ரத்தம் சோதிச்சாங்க, பயமில்லைன்னுட்டாங்க. எழுது!"

பயூமி எழுதினார். நடுவில் கை நின்றது. "நல்ல நாளும் அதுவுமா புள்ளையப் பட்டினி போடறதா?"

ஹெல்மி யோசித்தார். "வெள்ளரிக்கா குடு. உப்பில்லாம. ரெண்டே துண்டு."

மறுநாள் கடையில், "தந்தாவிலிருந்து ஒரு டாக்டர் என் உயிரைக் காப்பாற்றினார்" என்ற வரியை நான்கு முறை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மாதப் பொட்டலத்தைக் கட்டினார். வைட்டமினோடு, ரத்த அழுத்தத்தை உடனே போய்ப் பார்க்கும்படி ஒரு சீட்டும் வைத்தார். இரண்டு மீனையும் தின்ற ஆள் ஒருவர் நிஜமாகவே இருந்தாரே.