மூன்றாம் பத்தியில் படுத்திருந்தவன்

"என்னங்க, தம்பியையும் அந்தக் கிளாஸ்ல சேர்த்துவிட்டா என்ன?" என்று மனைவி கேட்டபோது மீட்டர்காரரின் வாய் நிறையத் தேநீர் இருந்தது. உள்ளே போகட்டுமா, வெளியே வரட்டுமா என்று அது அவரிடமே யோசனை கேட்டது. கடைசியில் மூக்கு வழியாக வந்து சேர்ந்தது.

"எந்தக் கிளாஸ்?"

"நீங்க போய் பாஸானீங்களே, டயர் கடை மாடியில. அதே தேர்வை அவனும் எழுதட்டுமே. எத்தனை நாள்தான் லாரியில மூட்டை ஏத்திக்கிட்டிருப்பான்?"

"அவனுக்குக் கட்டுரையெல்லாம் வருமா?"

"உங்களுக்கே வந்துச்சே."

அது உண்மைதான். குடிநீர் அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தத் தகுதித் தேர்வை எழுதித்தான் மேற்பார்வையாளராகி, ஒரு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். தெரு மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் அது அவரை மீட்டர்காரர் என்றுதான் கூப்பிடுகிறது. சோபாவில் உட்கார்ந்திருந்த மச்சினன், "மாமா சொன்னா சரி" என்று சிரித்தான். நேராகப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை அவன். அந்தச் சிரிப்பைத் திரும்ப நேராகப் பார்க்க மீட்டர்காரருக்கு நான்கு வருடமாகத் தெம்பில்லை.

விஷயம் இதுதான்.

டயர் கடைக்கு மேலே இருந்த அந்தப் பயிற்சி நிலையத்தில், கீழே காற்றடிக்கும் எந்திரம் 'புஸ்' என்று மூச்சு விடும்போதெல்லாம் மேலே எல்லோரும் முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். பழக்கம் அப்படி. ஒருமுறை எந்திரம் பழுதாகி ஒரு வாரம் கிடந்தது. அந்த வாரம் எழுதப்பட்ட வாக்கியங்கள் தாளைத் தாண்டி மேசையில் இறங்கி, மேசைக் கால் வழியாகத் தரை வரைக்கும் போயின. நம்பாதவர்கள் அங்கே தரை துடைக்கிற அம்மாவைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆசிரியருக்கு 'மூணாம் பத்தி' என்று பட்டப்பெயர். "பேப்பர் திருத்துறவர் முதல் பத்தி படிக்கும்போது டீ இன்னும் வரலையேன்னு கவலையில இருப்பார்" என்பார் அவர். "ரெண்டாவதுல டீ வந்துடும். நாலாவதுல காலி டீ கிளாஸை எங்க வைக்கலாம்னு இடம் தேடுவார். அஞ்சாவது வர்றதுக்குள்ள மார்க்கைப் போட்டுடுவார். ஆக, அந்த மனுஷன் புத்தியோட படிக்கிறது மூணாம் பத்தி ஒண்ணுதான். அதுல ரத்தமும் சதையுமா ஒரு ஆளைக் கொண்டாந்து நிறுத்துங்க!" உழைப்பே உயர்வு, நேரத்தின் அருமை, இளைஞரும் பொறுப்பும் என்று தேர்வில் தலைப்புகள் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வருமாம். ஒரு ஆளைப் பிடித்துவிட்டால் எல்லாவற்றுக்கும் ஓட்டலாமாம்.

மீட்டர்காரர் அங்கே படித்த நாளில் அவருடைய இடது கால் மாவுக்கட்டில் இருந்தது. ஒரு வீட்டில் குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாய் குரைத்தது. அது கட்டிப்போட்ட நாய் என்பது, அவர் மீட்டர் குழிக்குள் விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வீடு மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. வகுப்போ மாலை நேரம்.

மச்சினன் அப்போதுதான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சீருடை, அடையாள அட்டை எல்லாம் உண்டு. அக்காள் அந்தச் சட்டைக்குத் தனியாக இஸ்திரி போடுவாள். அவனுக்கும் மாலை ஷிப்ட். "மாமா முதல்ல பாஸாகட்டும்" என்று சேர்ந்த மாதமே வேலையை விட்டான். தினமும் அவரை முதுகில் சுமந்து மூன்று மாடி இறங்கி, வண்டியில் வைத்துக் கொண்டுபோய், டயர் கடை மாடிக்கு ஏற்றிவிட்டு, வகுப்பு முடியும்வரை கீழே டயர்களுக்கு நடுவில் இன்னொரு டயர் மாதிரி உட்கார்ந்திருப்பான். அவனுடைய அறையைக் காலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவன் சோபாவுக்கு வந்தான். அது குட்டை சோபா. முழங்காலுக்குக் கீழே உள்ளதெல்லாம் வெளியே தொங்கும்.

ஒருநாள் இறங்கும்போது மாவுக்கட்டு படிக்கட்டுக் கம்பியில் இடித்துவிட்டது. மீட்டர்காரருக்கு இருட்டுவதற்கு முன்பே நட்சத்திரம் தெரிந்தது. "ஐயோ மாமா, ஐயோ மாமா" என்று அவன் வழி நெடுகப் புலம்பினான். அவர் உம்மென்று வகுப்பில் போய் உட்கார்ந்தார். அன்றைய தலைப்பு 'உழைப்பே உயர்வு.' பேனாவைத் திறந்தார்.

'எனக்குத் தெரிந்த ஒருவன் இருக்கிறான். காலை பத்து மணி வரை அக்காள் வீட்டுச் சோபாவில் படுத்திருப்பான். மழைக்காலம் முடிந்த மறுநாள் குடைக்கடை திறந்தவன். நல்ல வேலை ஒன்று கிடைத்தது. சேர்ந்த மாதமே உதறினான். உழைக்காதவன் வீட்டுக்கும் சுமை, நாட்டுக்கும் சுமை.'

யார் யாரைச் சுமந்து வந்தார்கள் என்பது மட்டும் அந்தப் பத்தியில் இல்லை.

மூணாம் பத்தி அதை வாய்விட்டுப் படித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். வகுப்பே கைதட்டியது. மீட்டர்காரருக்கு வாழ்நாளில் யாரும் கைதட்டியதில்லை. மீட்டர் பார்க்கிறவனுக்கு யார் தட்டுவார்கள்? முகம் சூடாகி, காது வரைக்கும் இனித்தது.

வகுப்பு முடிந்து அவரை முதுகில் ஏற்றிக்கொண்டே மச்சினன் கேட்டான். "மேல என்ன மாமா, ஒரே கைதட்டல்?"

"ஒருத்தன் நல்லா எழுதினான்."

"நீங்கதானே? எனக்குத் தெரியும்!" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு அவன் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, கண்ணாடிச் சாமானை இறக்குவது மாதிரி இறக்கினான்.

அந்தப் பத்தியை வைத்தே அவர் தேர்வில் தேறினார். பத்தியோ அவரை விட வேகமாக முன்னுக்கு வந்தது. மூணாம் பத்தி அதை நகல் எடுத்து ஒவ்வொரு வருடமும் கொடுத்தார். அடுத்த வருட மாணவர்களில் ஒருவர் சோபாக்காரனுக்குத் தொப்பை வைத்தார். இன்னொருவர் அவனுக்குக் குறட்டை கொடுத்தார். சோபா ஊஞ்சலானது. குடைக்கடை, கோடையில் கம்பளிக்கடையானது. பக்கத்து ஊர்களிலும் அவனை எழுதினார்கள். ஒரு விடைத்தாளின் ஓரத்தில், 'இவர் இன்னும் எழுந்திருக்கவில்லையா?' என்று திருத்துபவரே கவலைப்பட்டு எழுதியிருந்தாராம்.

இந்த வகுப்புக்குத்தான் இப்போது மச்சினன் போகிறான்.

போன முதல் வாரமே மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டான். மீட்டர்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டார். "'ஊஞ்சலில் குறட்டை விட்டபடி...' மாமா, இந்த ஆளு யாருன்னு தெரியல, ஆனா ரொம்பத் திட்டுறாங்க மாமா. பாவமா இருக்கு."

"பரீட்சைக்குத்தானே, படி படி." செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை அவர் அப்புறம்தான் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து மாதிரித் தேர்வு நடந்தது. மச்சினன் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தான். அக்காள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். விடைத்தாளை மாமாவிடம் நீட்டினான். மூன்றாம் பத்தியின் குறுக்கே சிவப்பு மையில் 'தலைப்பை விட்டு விலகிவிட்டாய்' என்று எழுதியிருந்தது. கீழே அவன் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் மூட்டை தூக்குவது மாதிரி:

'எல்லோரும் இவனைச் சோம்பேறி என்கிறார்கள். கிடைத்த நல்ல வேலையை யாரும் சேர்ந்த மாதமே சும்மா விடமாட்டார்கள். வீட்டில் ஏதோ நடந்திருக்கும். எழுதியவர் அதைக் கேட்கவில்லை. இல்லை, தெரிந்தும் எழுதவில்லை.'

"நீங்க சொல்லுங்க மாமா. உங்களுக்குத்தான் கட்டுரை தெரியும். நான் எழுதினது தப்பா?"

தப்பு என்று சொல்லிவிட்டால் போதும். பையன் பழையபடி குறட்டைக்காரனை ஒப்பித்துத் தேறிவிடுவான். மீட்டர்காரர் வாயைத் திறந்தார். வேறு ஏதோ வந்தது.

"தப்பில்ல மச்சான். அந்தப் பத்தியை முதல்ல எழுதினது நான்."

மச்சினன் முகம் மலர்ந்தது. "நீங்களா! அடடா, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? கிளாஸ்ல பெருமையடிச்சிருப்பேனே! ஆமா, யாரு மாமா அந்த ஆளு?"

"அப்போ ஊஞ்சல் இல்ல," என்றார் மீட்டர்காரர். "சோபா. கம்பளி இல்ல, குடை."

மச்சினன் தான் உட்கார்ந்திருந்த சோபாவைப் பார்த்தான். பிறகு அதிலிருந்து எழுந்தான். எங்கே நிற்பதென்று தெரியாமல், ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்க வந்தவன் மாதிரி சுவரோரமாக நின்றான். அவன் கத்தியிருந்தால் மீட்டர்காரர் பிழைத்திருப்பார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடாதீங்க. அழும்." விடைத்தாளைத் திரும்ப வாங்கி அதன் ஓரத்தைச் சுருட்டினான். "இத்தனை வருஷம் எத்தனை பேரு படிச்சிருப்பாங்க மாமா... அதை எடுக்கச் சொல்லிடுங்க. அது போதும்."

மறுநாள் மாலை மீட்டர்காரர் டயர் கடை மாடிக்குச் சொந்தக் காலில் ஏறினார். மச்சினன் அன்றைக்கு லாரி வேலை என்று சொல்லி வகுப்புக்கு வரவில்லை. அறை நிறைய மாணவர்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நின்று சொன்னார்: அந்தச் சோபாக்காரன் தன் மச்சினன், வேலையை விட்டது தன் காலுக்காக, அந்த வரிகளைத் தான் எழுதியது அவன் முதுகில் ஏறி வந்துதான், கைதட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் அதே முதுகில்தான். சொல்லி முடித்தபோது கீழே 'புஸ்' என்றது.

மூணாம் பத்தியின் உதடு துடித்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. திட்டப்போகிறார், வாங்கிக்கொள்ளலாம் என்று மீட்டர்காரர் தலையைக் குனிந்தார்.

"ஏன் சார், இதைப் போய் நாலு வருஷமா மறைச்சு வெச்சீங்க?" என்றார் மூணாம் பத்தி. "'நன்றி மறவாமை'ன்னு ஒரு தலைப்பு. வருஷா வருஷம் வருது. அதுக்கு ஒரு ஆள் கிடைக்காம நான் எப்படித் தவிச்சேன் தெரியுமா? பிள்ளைங்களா, எழுதிக்கோங்க!"

அத்தனை தலைகளும் குனிந்தன.

"சார், எந்தக் கால்?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

"இடது," என்றார் மீட்டர்காரர், அவரை அறியாமல்.

"இந்த ஆளுக்கும் தொப்பை வைக்கலாமா சார்?"

மூணாம் பத்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். மீட்டர்காரர் மூச்சை இழுத்துப் பிடித்தார். "இருக்கிறதை எழுதுங்க, போதும்," என்றார் ஆசிரியர்.

"அந்தப் பழைய பத்தியை எடுத்துடுங்க சார், அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"எடுக்கிறதா? அது இல்லாம இது எப்படிப் புரியும்?"

வீட்டு வாசலிலேயே மச்சினன் காத்திருந்தான். "எடுத்துட்டாங்களா?"

"இல்ல மச்சான். என்னையும் சேர்த்துட்டாங்க."

அவன் சிரிக்கவில்லை. சிரிப்பான் என்று எதிர்பார்த்ததற்காக மீட்டர்காரர் இன்னும் கொஞ்சம் கூனிக் குறுகினார்.

தேர்வுக்கு முந்தின மாலை. கூடத்தில் மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "சும்மா உட்கார்ந்திருக்கீங்களே, அவன் ஒப்பிக்கிறதைக் கொஞ்சம் கேளுங்களேன்."

மச்சினன் தயங்கினான். "வேற படிக்கிறேன் அக்கா."

"சார் எதை முக்கியம்னாரோ அதைச் சொல்லுடா."

புதிய நகல் மீட்டர்காரர் கைக்கு வந்தது. மச்சினன் கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். "'நன்றியை மறந்த ஒருவரை நான் அறிவேன். அவருக்கு வலது கால் முறிந்திருந்தது. ஐந்து மாடி வீடு. தூரத்து உறவுக்காரப் பையன் ஒருவன்...'"

"சீ, இப்படியும் ஒரு மனுஷனா?" என்றாள் மனைவி, ஒரு துண்டை உதறியபடி. "நல்லவேளை, நம்ம வீட்டுல..."

மீட்டர்காரர் தாளைப் பார்த்தார். தாளில் வலது இல்லை, ஐந்து இல்லை, தூரத்து உறவும் இல்லை. பையன் போகிற போக்கில் மாற்றிக்கொண்டே போகிறான். அக்காளுக்குத் தெரியாமல் மாமாவை ஐந்தாவது மாடியில் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறான். மறுபடியும் தூக்குகிறான்.

"இடது கால்," என்றார் மீட்டர்காரர்.

"மாமா, எதா இருந்தா என்ன..."

"தாள்ல இடதுன்னு இருக்கு. மூணு மாடி. மச்சினன்."

உதறிய துண்டு மனைவி கையில் பாதி மடிப்பில் நின்றது. அவள் கணவனின் காலைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். துண்டை மெதுவாக மடியில் வைத்தாள்.

"அடுத்த வரி என்னடா?"

"எனக்கு மறந்துபோச்சு அக்கா," என்றான் அவன். அவனுக்கு எதுவும் மறக்கவில்லை என்பது கூடத்தில் இருந்த மூவருக்கும் தெரியும்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் மனைவி.

மீட்டர்காரர் தாளைக் கீழே வைத்தார். அது பார்க்காமலே வந்தது. "'தன்னைச் சுமந்து வந்த முதுகின் மேலிருந்தே, அவனைச் சுமை என்று எழுதினார்.'"

யாரும் கைதட்டவில்லை.