சுவிட்ச் மாற்றிய ஞாயிறு

வேலையில் இறங்கும் முன் யாரையாவது திட்டித் தீர்க்காவிட்டால் கரண்ட்டுக்குக் கை ஓடாது. அன்று மாட்டிக்கொண்டவன் காரைச் செய்தவன்.

"ஸ்டீயரிங்குக்கு அடியில கொண்டுபோய் எத்தனூண்டு ஸ்க்ரூவ வெச்சிருக்கான் பாரு. இதைக் கழட்டணும்னா எறும்புதான் வரணும்."

பஸ் பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் கரண்ட்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. மனைவிக்கும் தெருவில் சொந்தப் பெயர் கிடையாது. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பதால் எல்லோருக்கும் அவள் டெய்லரம்மா.

பத்து நாளாகக் கார் முரண்டு பிடித்தது. சாவியைத் திருப்பினால் ஒரு சமயம் கிளம்பும், ஒரு சமயம் கம்மென்று இருக்கும். சாவி போடும் துவாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இக்னீஷன் சுவிட்ச் தேய்ந்துவிட்டது என்று கரண்ட்டு காதாலேயே கண்டுபிடித்தார். மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்று மகள் கேட்டதற்கு, "என் வண்டியில இன்னொருத்தன் கையா?" என்று ஒரே போடாகப் போட்டார். புது சுவிட்சை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாசலில் நின்ற காரின் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்துவிட்டார்.

டார்ச் பிடிப்பது டெய்லரம்மாவின் வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து மிக்சி, மோட்டார், அவளுடைய தையல் மெஷின் என்று வீட்டில் எது பிரிக்கப்பட்டாலும் அவள்தான் பக்கத்தில் நிற்பாள். எந்த ஸ்பேனர் என்று அவர் கேட்கும் முன்பே கையில் இருக்கும். அன்றும் பானெட்டைத் திறந்து பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றும்போது பத்தாம் நம்பர் ஸ்பேனரை நீட்டியது அவள்தான்.

"மொதல்ல கரண்டக் கட் பண்ணணும். அப்புறம்தான் கை வெக்கணும்" என்று அவர் வழக்கம்போல ஒப்பித்தார். அவளும் வழக்கம்போலத் தலையாட்டினாள்.

ஆனால் உள்ளுக்குள் அவள் வேண்டிக்கொண்டது வேறு. இந்தக் கார் சரியாகவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பெரிய சிக்னலில் பச்சை விழுந்தும் கரண்ட்டு காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹார்னை அலறவிட்டார்கள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெல்ல அவள் பக்கம் திரும்பி, "நம்ம வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். டெய்லரம்மா கையை நீட்டிக் காட்டினாள். "லெஃப்ட்ல போங்க" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி காபி கேட்டார். அவருக்கு அது நினைவில்லை என்று இவள் முடிவு கட்டினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மகளுக்கு ஏழு மாதம். மருமகனுக்கு வேலை வெளியூரில். பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு ஆபீஸ் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்பா எதுக்கு இருக்கேன்? திங்கக்கிழமையிலேருந்து நானே கொண்டுபோய் விட்டுட்டு நானே கூட்டிட்டு வரேன்" என்று கரண்ட்டு வாக்குக் கொடுத்திருந்தார். ஆபீசுக்குப் போகும் வழியில் அந்தச் சிக்னல் மட்டுமல்ல, மேம்பாலமும் உண்டு. மகளிடம் சொன்னால் இவர் நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால் இரண்டு உயிரை இவர் கையில் ஒப்படைக்க வேண்டும். நாலு நாளாக டெய்லரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கரண்ட்டு ஸ்டீயரிங்கின் கீழ் மூடியைக் கழற்றினார். சுவிட்சில் செருகியிருந்த வயர்க் கொத்தை அழுத்திப் பிடித்து உருவினார். இரண்டு ஸ்க்ரூ, பழைய சுவிட்ச் கையோடு வந்தது. அதைத் திருப்பிப் பார்த்து, "கருகிப்போயிருக்கு பாத்தியா? நான் சொல்லல?" என்று புருவத்தைத் தூக்கினார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

புது சுவிட்சை வாட்டம் பார்த்துச் செருகி, ஸ்க்ரூவை முறுக்கி, வயர்க் கொத்தை மாட்டி, மூடியையும் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

சத்தமே இல்லை. ஒரு விளக்குகூட எரியவில்லை.

டெய்லரம்மா திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தாள். கழற்றிய வயர் கழற்றிய இடத்திலேயே கிடந்தது. வாயைத் திறந்தேவிட்டாள். அப்புறம் நாளைக்குத் திங்கட்கிழமை என்பது ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"லூஸ் கனெக்‌ஷனா இருக்கும்" என்றார் கரண்ட்டு. மூடியைத் திரும்பக் கழற்றினார். வயர்க் கொத்தை உருவி மாட்டினார். திருப்பினார். இல்லை. சுவிட்சையே வெளியில் எடுத்து ஊதி, துடைத்து, மறுபடி பொருத்தினார். இல்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்துத் திரும்பச் செருகினார். கதவு திறந்திருந்தும் கூரை விளக்கு எரியாததை அவர் கவனிக்கவே இல்லை. பணிமனையில் இதே தப்பைச் செய்த ஒருவனை அவர் ஒரு மாதம் ஓட்டு ஓட்டென்று ஓட்டிய கதையை டெய்லரம்மா நூறு தடவை கேட்டிருக்கிறாள்.

மகள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அப்பா, ஆச்சா?"

"அஞ்சு நிமிஷம்மா. டூப்ளிகேட் சுவிட்சக் குடுத்துட்டான் கடைக்காரன்."

அவள் உள்ளே போனதும் மூடியின் ஸ்க்ரூ ஒன்று அவர் விரலிலிருந்து நழுவிச் சீட்டுக்கு அடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. டெய்லரம்மா டார்ச்சை அங்கே அடித்தாள். அவர் ஸ்க்ரூவைத் தேடவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்திருந்தார்.

"என்னங்க?"

"அன்னைக்கு சிக்னல்ல எனக்கு வீடு எங்கன்னே தெரியலம்மா."

அவள் டார்ச்சை அணைத்தாள்.

"நீ அதப் பத்திப் பேசவே இல்ல, மறந்துட்டன்னு நெனச்சேன்" என்றார். "அதுக்கப்புறம் இன்னொரு தடவயும் ஆச்சு. நான் தனியா இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. இந்த சுவிட்ச மட்டும் என் கையால மாத்தி வண்டி கெளம்பிட்டா எனக்கு ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். பரீட்ச மாதிரி. பச்சப் புள்ள செய்யுற வேல இது. இதுகூட வரல பாரு."

ஒரு மணி நேரமாக இந்த மனுஷனைக் கண்ணெதிரே தவிக்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சுவிட்ச நீங்க சரியாத்தான் மாட்டியிருக்கீங்க."

"அப்புறம் ஏன்?"

"பேட்டரி வயர மாட்டல."

கரண்ட்டு நிமிர்ந்தார். பானெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"மொதல் தடவயே."

திட்டுவார் என்று நின்றாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. இறங்கிப் போய் அவரே ஸ்பேனரை எடுத்து வயரை மாட்டி இறுக்கினார். திறந்திருந்த கதவு வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது.

சத்தம் கேட்டு மகள் சிரிப்போடு ஓடி வராத குறையாக வந்தாள். "கிளம்பிடுச்சா! எங்கப்பான்னா எங்கப்பாதான். நாளைக்கு எத்தன மணிக்குப்பா ரெடியாகணும்?"

கரண்ட்டு இன்ஜினை அணைத்தார். மகளை வாசற்படியில் உட்காரச் சொல்லி, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, மனைவியைப் பார்த்தார்.

"நீயே சொல்லிடும்மா" என்றார். "நான் சொன்னா எதையாவது விட்டுடுவேன்."