கிழிசலைப் பார்த்த காளான்கள்

மூன்றாவது தடவையும் காளான் சொதப்பினால் ஹெப்பாள் ஃபேக்டரிக்கே திரும்பிவிடுவதாக என் மனைவி ஜேனிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். வீறாப்பில் கொடுத்தது. திங்கட்கிழமைக்குள் வந்தால் பழைய வேலை உண்டு என்று மேனேஜரும் சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு தடவையும் சிப்பிக் காளான் முளைத்ததே தவிர, குடை விரியவில்லை. விரல் நீளத் தண்டு, நுனியில் மிளகளவு தலை. மைசூர் ஓட்டல்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "சகாயநாதன், இது காளானா, முளைப்பயறா?" என்றார். மானம் கப்பலேறியது.

காளான் இருட்டுப் பிறவி என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன் நான். மாடி அறை ஜன்னலைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, கதவிடுக்கில்கூடத் துணி அடைத்திருந்தேன். ஜேன் நர்ஸ். "ஜன்னலையாவது திறங்களேன், அதுக்கும் உசுரு இருக்குல்ல?" என்று கேட்டாள். "ஊசி போடுறவளுக்கு விவசாயம் என்ன தெரியும்?" என்று அவள் வாயை அடைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, மூன்றாவது தடவை போட்டதைப் பார்க்க டார்ச்சோடு நுழைந்தேன். வரிசையாகத் தொங்கிய வைக்கோல் பைகளில் அதே ஒல்லித் தண்டுகள். கடைசி வரிசைக்குப் பின்னால் போனபோதுதான் தார்ப்பாயில் உள்ளங்கையகலக் கிழிசல் தெரிந்தது. எலி வேலை. அதைத் திட்ட வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

கிழிசலுக்கு எதிரே தொங்கிய ஒரே பையில், கடவுளே, கையகலக் குடைகள்! சர்ச் பூசையில் ஜனங்கள் பீடத்தைப் பார்ப்பதுபோல அத்தனையும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன. கண் கிடையாது, இலை கிடையாது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று இதற்கு யார் சொன்னது? எனக்கு உடம்பு சிலிர்த்தது. டார்ச்சை அணைத்துவிட்டு ஜேனைக் கூப்பிட்டேன்.

அவள் ஒரு குடையின் விளிம்பை விரல் நுனியால் தொட்டாள்.

"நீ சொன்னதுதான் சரி. நான்தான் முட்டாள்" என்றேன். "ஒரு பைதான் தேறிச்சு, மத்ததெல்லாம் போச்சு. வாக்கு வாக்குதான். திங்கக்கிழமை போறேன்."

ஜேன் தார்ப்பாயின் கிழிசலில் கைவிட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். அறை முழுக்கக் காலை வந்து நிறைந்தது.

"சும்மா இருங்க. மேனேஜருக்குப் போன் போட்டு, வரலைன்னு சொல்லுங்க."